மறு: ஆவரேஜ் விதி: 'சராசரி' வேண்டாம், 'தன்பாடு' எப்படி?

கீழக்கரை அண்ணன் காக்காவுக்கும் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

வணிகக் கட்டட நிறுவனங்களின் ஆண்டறிக்கைக்காக நாம் போட்டுவரும் சொற்பட்டியலில் காப்பீட்டுப் பகுதிக்கு வந்துவிட்டோம். பாலிசி, பிரீமியம், கிளெய்ம், சர்வேயர் (நட்டத்தை மதிப்பிட வருபவர்) இவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. காப்பீடா காப்புறுதியா என்ற பழைய வழக்கையும் இப்போது எடுக்க வேண்டாம். பாம்பனில் நின்றால் காப்பீடு, தலைமன்னாரில் இறங்கினால் காப்புறுதி, இரண்டும் நம் சொல்தான். நான் மல்லுக்கு நிற்கப்போவது ஒரே சொல்லுக்கு: ஆவரேஜ், அதாவது பாலிசித் தொகை போதாமல் இருந்தால் கிளெய்மையும் அதே விகிதத்தில் குறைக்கும் விதி. பட்டியலில் அதற்கு 'சராசரி விதி' என்று எழுதியிருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

கணக்கோடு பார்த்தால்தான் ஏன் என்று புரியும். மண்டபம் ஊரில் கடலைப் பார்த்தபடி ஒரு வணிக வளாகம் என்று வைத்துக்கொள்வோம். கீழே கடைகள், மேலே லாட்ஜ். இன்றைய விலையில் திரும்பக் கட்ட 10 கோடி ஆகும், மனை விலை சேராமல். பாலிசி எடுத்திருப்பது 6 கோடிக்கு. புயலில் மாடித் தகரமும் கண்ணாடி முகப்பும் மின் அறையும் போய் 1 கோடி நட்டம். "ஆறு கோடிக்கு எடுத்திருக்கிறேன், ஒரு கோடி அதற்குள் அடங்கிவிடும்" என்று உரிமையாளர் நிம்மதியாக இருப்பார். காப்பீட்டு நிறுவனமோ, பத்தில் ஆறுக்குத்தானே பிரீமியம் கட்டினீர்கள், நட்டத்திலும் பத்தில் ஆறுதான் என்று சொல்லி 60 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளும். மீதி 40 லட்சத்துக்கு உரிமையாளரே தனக்குத் தானே காப்பீட்டாளர். தீ விபத்து பாலிசியின் வாசகமும் ஏறத்தாழ இப்படித்தான் ஓடும். எக்செஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய தொகை, இதற்குப் பிறகு தனியாகக் கழியும். 5% என்றிருந்தால் இன்னும் 3 லட்சம். மிஞ்சுவது 57.

இந்தக் கணக்கில் சராசரி எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை. ஆவரேஜ் என்ற சொல்லே கப்பலிலிருந்து கரையேறியது. சேதப்பட்ட சரக்கைக் குறித்த அரபுச் சொல் இத்தாலியத் துறைமுகங்கள் வழியாகப் போய், கடலில் நேர்ந்த நட்டத்தைச் சரக்குக்காரர்கள் தத்தம் மதிப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்வதைக் குறித்தது. பள்ளிக்கூடக் கணக்கின் ஆவரேஜ் அதிலிருந்து பிற்பாடு கிளைத்த பொருள். பிள்ளையின் பெயரைத் தாத்தாவுக்கு வைக்கச் சொல்கிறது நம் பட்டியல்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 6 கோடி என்ற தொகை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கடன் பத்திரத்திலிருந்து. வங்கி 6 கோடி கொடுத்தது, அந்த அளவுக்குப் பாலிசி கேட்டது, உரிமையாளரும் அதோடு நிறுத்திக்கொண்டார். திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. பாலிசியில் வங்கிப் பிரிவு ஒன்று இருக்கும். அதன்படி கிளெய்ம் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். அந்த 57 லட்சத்தைக் கடனில் வரவு வைப்பதா, கட்டடத்துக்கு விடுவதா என்பது மேலாளரிடம் போய் நின்று பேச வேண்டிய விஷயம். அதுவரை தவணை நிற்காது. காலிசெய்யும் கடைக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார், அதையும் கொடுத்தாக வேண்டும். ஆண்டறிக்கையில் காப்பீடு ஒரு பக்கத்திலும் கடன் பொறுப்புகள் வேறொரு பக்கத்திலும் கிடக்கின்றன. இரண்டையும் முடிச்சுப் போடுகிற இடம் இந்த ஒரு விதி. அதற்கு வாய்க்கும் தமிழ்ச்சொல், படித்த மாத்திரத்தில் உரிமையாளரின் வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டாமா?

'விகிதாசார விதி' என்று நம் வழக்கறிஞர் ஐயா எழுதியிருந்தார். தப்பில்லை. எதன் விகிதம், யார் தலையில் என்று மட்டும் அது சொல்வதில்லை. 'தன்பங்கு' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆண்டறிக்கை முழுக்கப் பங்கு, பங்குதாரர், பங்கு விலை என்று நிரம்பிக் கிடக்கையில் இதுவும் போய் விழுந்தால் யாருக்கும் தலைகால் புரியாது.

ஆகவே நான் முன்வைப்பது தன்பாடு. 'மிச்சம் உன் பாடு' என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே பாடுதான். நம் கரையில் படகு திரும்பியதும் 'பாடு எப்படி?' என்றுதான் விசாரிக்கிறோம்; கிடைத்ததும் பாடு, பட்டதும் பாடு. நட்டத்தில் ஒருவர் தலையில் விழும் பாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. காப்புத்தொகை போதாமல் இருக்கும் நிலைக்குக் குறைகாப்பு. வாக்கியத்தில் இப்படி வரும்: 'வளாகம் 40% குறைகாப்பில் உள்ளது, 1 கோடி நட்டத்தில் நிறுவனத்தின் தன்பாடு 40 லட்சம்.' இலக்கணப்படி 'தன்பாட்டு விதி' என்றுதான் வர வேண்டும். ஆனால் அது மேடைக் கச்சேரி அறிவிப்பு மாதிரி ஒலிக்கிறது. 'தன்பாடு விதி' என்றே எழுதலாம். புலவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்க நிறுவன அறிக்கைகளைத் தமிழாக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கட்டட மதிப்பில் 80% போலக் குறித்த அளவுக்காவது பாலிசி எடுக்காவிட்டால் உரிமையாளரும் நட்டத்தில் பாகம் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை அங்கே கோ-இன்சூரன்ஸ் என்கிறார்கள். இங்கே கோ-இன்சூரன்ஸ் என்றால் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே பாலிசியைச் சுமப்பது. 'கூட்டுக் காப்பீடு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். அங்கே வருவதற்கும் தன்பாடு பொருந்தும்.

2021 ஏப்ரல் முதல் 50 கோடி வரையிலான சொத்துகளுக்கு வந்திருக்கும் பாரத் சூட்சும உத்யம், பாரத் லகு உத்யம் பாலிசிகளில் 15% வரையிலான குறைகாப்பைக் கண்டுகொள்வதில்லை. நம் மண்டபம் வளாகம் 40%-இல் நிற்கிறது, அந்தச் சலுகைக்குள் வராது.

உப்புக்காற்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் கோட்டைவிடும் இடம் அது. கடலோரக் கடை ஷட்டரின் கீழ்ப்பட்டையை விரலால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். தூணில் சுத்தியலால் தட்டினால் துருப்பிடித்த கம்பிக்கு மேலே காரை பொள்ளலாக ஒலிக்கும். புயலுக்குப் பிறகு வரும் சர்வேயர் இதைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார். துரு நாள்பட்ட தேய்மானம், பாலிசியில் வராது. அதை முழுதாகக் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் பத்தில் ஆறு. இந்தக் கழிவைத் தன்பாடு என்று சொல்லக் கூடாது, அது விலக்கு.

அன்புடன்,
ராமநாதபுரத்திலிருந்து

———

தம்பி,

தன்பாடு எனக்குச் சம்மதம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு, அதையும் இப்போதே தீர்த்துவிடுவோம். 1963-ஆம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டத்தில் இந்த ஆவரேஜ் இரண்டு உருவில் வருகிறது. கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் தள்ளினால், கப்பல்காரரும் சரக்குக்காரர்கள் எல்லோரும் அந்த நட்டத்தைச் சுமப்பது ஒன்று. அதற்குப் பொதுப்பாடு என்று வைத்தால் உன் சொல்லோடு ஒரே குடும்பமாகிவிடும். ஒருவர் சரக்குக்கு மட்டும் நேரும் பகுதிச் சேதம் மற்றொன்று. அதைத் தனிப்பாடு என்று யாராவது கொண்டு வருவார்கள், விடாதே. தனிப்பாடும் தன்பாடும் அடுத்தடுத்த வரியில் வந்தால் எழுத்துப்பிழை என்று நினைத்து ஒன்றை மற்றொன்றாகத் திருத்திவிடுவார்கள். 'பகுதிச் சேதம்' என்றே இருக்கட்டும்.

எக்செஸுக்கு 'முதற்கழிவு' போடு. வெறும் 'கழிவு' என்றால் கடைத்தெருவில் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்வார்கள். வரிசையையும் குறிப்பில் எழுதிவிடு: விலக்கு, தன்பாடு, முதற்கழிவு. மாற்றிப் போட்டால் கைக்கு வரும் தொகையே மாறலாம்.

தனுஷ்கோடியை நீ தொடாமல் விட்டுவிட்டாய். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அந்த ஊர் திரும்பக் கட்டப்படவே இல்லை. திரும்பக் கட்டும் மதிப்பில் எடுத்த பாலிசி, கட்டினால்தான் அந்த மதிப்பைத் தரும். கட்டாவிட்டால் தேய்மானம் போக உள்ளதுதான். அதே இடத்தில் கட்டக் கடலோர ஒழுங்குமுறை விடவில்லை என்றால், வேறு இடத்தில் கட்டவும் பாலிசி இடம் தருகிறது, செலவு கூடாத வரைக்கும். இதற்கு 'மீள்கட்டு மதிப்பு' என்று பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல சொல், மாற்ற வேண்டாம்.

அடுத்தது வாடகை இழப்புக் காப்பு. கடை மூடிக் கிடக்கும் மாதங்களுக்கு எத்தனை மாதம் வரை வாடகை தருவார்கள் என்ற காலவரம்புக்குச் சொல் இல்லாமல் நிற்கிறது. புது இழையாகத் தொடங்கு, இதிலேயே ஒட்டாதே.

கீழக்கரையிலிருந்து