கேட்டுவிட்டுப் பார்த்ததும் பார்த்துவிட்டுக் கேட்டதும்

இரவுக்காட்சி:

திகில் படங்களையும் த்ரில்லர்களையும் பற்றிய பாட்காஸ்ட்டுகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். படத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்பதா, பார்த்த பின் கேட்பதா என்ற கேள்விக்கு, எனக்கு நேர்ந்த இரண்டு சம்பவங்களையே பதிலாக எழுதுகிறேன்.

முதலில் என் மனக்குறை. இருவர் சேர்ந்து நடத்தும் ஒரு பாட்காஸ்ட்டில், நான் ஏற்கெனவே பார்த்திருந்த பழைய கொலைப்படம் ஒன்றைப் பற்றிய எபிசோட் வந்திருந்தது. பார்த்த படம்தானே, இனி என்ன கெட்டுவிடப்போகிறது என்ற தைரியத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி எபிசோட் கடந்த நிலையில், இருவரில் ஒருவர், நான் மறுநாள் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்த வேறொரு த்ரில்லரின் கொலையாளி யார் என்பதை, வெறும் ஓர் ஒப்புமைக்காக, அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். கை முழுவதும் சோப்பு நுரை இருந்ததால் போனைத் தொட முடியவில்லை. தொட்டிருந்தாலும் பயனில்லை, காதில் விழுந்த சொல்லைத் திரும்ப எடுக்கும் பொத்தான் எந்தச் செயலியிலும் இல்லை. எபிசோடின் தொடக்கத்தில் "ஸ்பாய்லர் உண்டு" என்று எச்சரித்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த எச்சரிக்கை அவர்கள் பேச எடுத்துக்கொண்ட படத்துக்கு உரியதே தவிர, வழியில் இடறிய படங்களுக்கு உரியதல்ல.

மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்தேன். விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தாள் திருத்துபவரைப் போல உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் திரைக்கு வரும்போதெல்லாம் அவன் முகத்தை விட்டு என் கண் நகரவில்லை. மற்ற எல்லோர் மீதும் எனக்கு வந்திருக்க வேண்டிய சந்தேகம் வரவேயில்லை. இரண்டு மணி நேரமும் வீணானது என்று அன்று நினைத்தேன்.

இரண்டாவது சம்பவம் இதற்கு நேர் எதிரானது. 1942ஆம் ஆண்டு வெளிவந்த 'கேட் பீப்பிள்' படத்தை நான் பார்த்திராத நிலையில், அதன் ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுத்து விரிவாகப் பேசிய எபிசோட் ஒன்றைக் கேட்டேன். தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் தூர்னர். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில், இரவில் பூங்காவை ஒட்டிய சாலையில் ஒரு பெண் தனியே நடந்து வருகிறாள். இன்னொரு பெண் பின்தொடர்கிறாள். இசை கிடையாது; இரண்டு ஜோடிக் காலணிகளின் ஓசை மட்டும் கேட்கிறது. தெருவிளக்கின் வெளிச்ச வட்டத்திலிருந்து இருட்டுக்கும், இருட்டிலிருந்து அடுத்த வட்டத்துக்கும் போய்க்கொண்டிருப்பவள், பின்னால் வந்த காலடி ஓசை நின்றுவிட்டதை உணர்ந்து நடையைக் கூட்டுகிறாள். திரும்பிப் பார்க்கிறாள். அந்த நொடியில் சட்டகத்தின் பக்கவாட்டிலிருந்து ஒரு பேருந்து, சிறுத்தை சீறுவதைப் போன்ற பிரேக் ஓசையோடு, குறுக்கே வந்து நிற்கிறது. பாய்ந்தது வெறும் பேருந்து என்பதால் ஆபத்தே இல்லாத இடத்தில் நம்மைத் தூக்கிப்போடும் இந்த உத்திக்குப் பிற்காலத்தில் 'லூட்டன் பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. எபிசோடில் அந்த ஓசையை மூன்று முறை ஒலிக்கவிட்டு, படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் அதை எந்த இடத்தில் வெட்டிச் சேர்த்தார் என்று விளக்கினார்கள்.

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் அன்றிரவே இயர்போனை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தேன். பேருந்து வரப்போகிறது என்று தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து என்றும் தெரியும். வந்தது, துள்ளி விழுந்தேன். இயர்போனின் ஒரு பக்கம் காதிலிருந்து கழன்று தொங்கியது.

1998ஆம் ஆண்டின் ஜப்பானியப் படமான 'ரிங்கு'விலும் இதே அனுபவம்தான். கிணற்றிலிருந்து வரும் உருவத்தின் நடை ஏன் அப்படி இருக்கிறது என்றால், நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமாக்கி, அந்தப் பதிவைக் கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு ஓட்டியிருக்கிறார்கள். அந்த ரகசியத்தைக் கேட்டறிந்த பிறகு பயம் குறையும் என்று நம்பி மறுபடி பார்த்தேன். பின்னோக்கி நடக்கும் ஓர் உடல் முன்னோக்கி வருகிறது என்ற எண்ணமே கூடுதல் பயத்தைக் கொடுத்தது.

ஆகவே என் கட்சி இதுதான்: திகில் படத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் முன்கூட்டியே கேட்கலாம், த்ரில்லரைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கக் கூடாது. திகில் உடம்பில் வேலை செய்கிறது. உடம்புக்கு நினைவாற்றல் குறைவு. த்ரில்லர் நம் ஊகத்தை நம்பி நிற்கிறது, ஊகத்துக்கு வேலை இல்லாமல் போனால் அதற்கும் வேலை இல்லை. கதையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒப்பித்துவிட்டு, நடுநடுவே தாங்களே சிரித்துக்கொள்ளும் தொகுப்பாளர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

கடைசி வரிசை:

இரவுக்காட்சி அவர்களின் பேருந்து அனுபவத்தை ரசித்துப் படித்தேன். ஆனால் த்ரில்லரைப் பற்றிய தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. காரணம், முடிவு தெரிந்த பிறகே நான் பார்க்க நேர்ந்த 'சைக்கோ'.

1960இல் அந்தப் படம் வெளியானபோது, காட்சி தொடங்கிய பின் எவரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் பிடிவாதமாக இருந்தார். படத்தின் பெரிய நட்சத்திரமான ஜேனட் லீ முதல் பாதியிலேயே கொல்லப்பட்டுவிடுவதால், தாமதமாக வருபவர்கள் அவருக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். நான் பிறந்து வளர்ந்து படம் பார்க்கும் வயதுக்கு வருவதற்குள், குளியலறைக் கொலையும் கொலையாளியின் ரகசியமும் படம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டன. இதில் எந்தத் தொகுப்பாளரைக் குறை சொல்வது?

அப்படித் தெரிந்துகொண்டு பார்த்த எனக்கு, மிகவும் பதற்றம் தந்த இடம் கொலைக்குப் பின் வரும் சதுப்புநிலக் காட்சிதான். பிணத்தை வைத்த காரைச் சேற்றில் தள்ளிவிட்டு, விடுதிக்காரராக நடிக்கும் அந்தோணி பெர்கின்ஸ் எதையோ மென்றுகொண்டு நிற்கிறார். கார் மெல்ல அமிழ்கிறது. பாதிக்கு மேல் போன பிறகு, கூரை வெளியே தெரியும் நிலையில், நின்றுவிடுகிறது. மெல்லும் வாயும் நிற்கிறது, கண்கள் அக்கம்பக்கம் பாய்கின்றன. அந்தச் சில நொடிகளில், இவன் யார் என்று முழுவதும் தெரிந்திருந்தும், கார் முங்கித் தொலைய வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். ரகசியம் தெரியாமல் பார்த்திருந்தால், தாய்க்காகத் தவிக்கும் ஒரு பாவப்பட்ட மகன் என்று மட்டும் நினைத்திருப்பேன். தெரிந்ததால்தான் என் வேண்டுதல் எனக்கே கூச்சத்தைத் தந்தது.

இதைப் பற்றி ஹிட்ச்காக்கே பேசியிருக்கிறார். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் அவர் நடத்திய நீண்ட உரையாடலின் ஒலிப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஹெலன் ஸ்காட்டின் குரல் இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். (என்னைக் கேட்டால், பாட்காஸ்ட் என்ற சொல் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்த மிகச் சிறந்த சினிமா பாட்காஸ்ட் அது.) மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் கிடைப்பது பதினைந்து நொடி அதிர்ச்சி, முன்பே தெரிந்தால் கிடைப்பது பதினைந்து நிமிடப் பதற்றம் என்று அவர் சொன்ன கணக்கு அந்த உரையாடலில்தான் வருகிறது. தொகுப்பாளர் உளறியதால் உங்கள் மேசைக்கு அடியிலும் ஒரு குண்டு வைக்கப்பட்டது என்றே நான் கொள்வேன். அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஊமைப்படம்:

நான் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை. திகில் படம் உடம்பில் வேலை செய்கிறது என்று முதல் பகிர்வில் சொன்னதற்கு மட்டும் ஒரு சிறு சோதனையைச் சேர்க்கிறேன்.

1978ஆம் ஆண்டின் 'ஹாலோவீன்' படத்தை, இசை சேர்ப்பதற்கு முன் ஒரு படநிறுவன அதிகாரிக்குத் திரையிட்டுக் காட்டியபோது அவர் சற்றும் பயப்படவில்லை என்று இயக்குநர் ஜான் கார்ப்பெண்டர் சொல்லியிருப்பதைக் கேட்டபின், நானும் அந்தப் படத்தை ஒலியை முழுவதும் அடக்கிவிட்டுப் பார்த்தேன். முகமூடி அணிந்த ஒருவர் புதர் ஓரமாக நிற்கிறார், பிறகு காணவில்லை; அவ்வளவுதான். துணி காயப்போட வந்தவர் வழி தவறி நிற்பதைப் போலக்கூடத் தோன்றியது. ஒலியைத் திறந்தவுடன் அந்தப் பியானோ. கார்ப்பெண்டர் தாமே அமைத்த அந்த மெட்டு ஐந்து தட்டுக் கணக்கில் ஓடுகிறது. நம் தாளக் கணக்கில் கண்டம் என்போமே, அதுதான். நான்கில் முடியும் என்று எதிர்பார்க்கும் காதுக்கு எப்போதும் ஒரு தட்டு மிச்சம் இருந்துகொண்டே இருக்கிறது, காலும் மனமும் ஓரிடத்தில் ஊன்ற முடிவதில்லை. அதே புதர், அதே முகமூடி. நான் எழுந்து போய் அறை விளக்கைப் போட்டேன்.

பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்வது வீண் என்று அன்று புரிந்தது. மூட வேண்டியது காதை.

இரவுக்காட்சி:

கடைசி வரிசை அவர்கள் சொன்னதற்காக, கொஞ்சம் வீம்புடனேயே, அந்த த்ரில்லரை நேற்று மறுபடி பார்த்தேன். படத்தின் நடுவே எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்போது கதவு தட்டப்படுகிறது. அத்தனை பேரும் கதவை நோக்கித் திரும்புகிறார்கள். அந்த ஆளும் திரும்புகிறான், ஆனால் அதற்கு ஒரு கணம் முன்பே அவன் கை மேசைமேல் இருந்த சாவிக்கொத்தை ஓசையில்லாமல் மூடிவிடுகிறது. முதல் முறை அவன் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கை தெரியவில்லை. காட்சியைப் பின்னுக்குத் தள்ளி இரண்டு முறை பார்த்தேன். சாவிகள் உரசும் மிக மெல்லிய ஓசைகூட இருக்கிறது. ஊமைப்படம் அவர்களின் சோதனையைச் செய்திருந்தால் அதையும் இழந்திருப்பேன்.

முன்கூட்டித் தெரிந்ததால் முதல் முறை எனக்குக் கிடைக்காமல் போன சந்தேகத்தை இது ஈடுசெய்துவிடவில்லை. அதில் என் கட்சி அப்படியே நிற்கிறது. எனினும் இரண்டு மணி நேரம் வீணானது என்று எழுதியதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.