மறு: சிறுநீரகக் கல் உடைக்கும் கருவிக்குத் தமிழ்ப் பெயர்

வணக்கம்.

முதுகில் சிறு துளையிட்டு, அதன் வழியே சிறுநீரகக் கல்லை உடைத்து எடுக்கும் கருவிகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தார்கள். இதுவரை முன்வைத்த பெயர்களில் 'கல் கரைப்பி' வேண்டவே வேண்டாம். மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் தாதியாக இருக்கிறேன். சத்திரசிகிச்சைக்கு முன் தமிழில் விளக்கும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம்தான் வரும். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், சம்மதப் படிவத்தில் கையொப்பமிடப் பேனாவை வாங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டு, "மிஸி, கல்லைக் கரைத்துவிடுவார்கள் என்றால் முதுகில் எதற்குத் துளை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தவறான சொல்லை யாரோ அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யூரிக் அமிலக் கல்லை மருந்து கொடுத்துக் கரைக்க முடியும். 'கரைப்பு' அந்தச் சிகிச்சைக்கு உரிய சொல். அதை இங்கே செலவழிக்கக் கூடாது.

'அதிர்வுக் கருவி'யும் சரிவராது. 1980இல் மியூனிக்கில் தொடங்கிய, உடம்பில் துளையே இடாமல் வெளியிலிருந்து அலை செலுத்திக் கல்லை உடைக்கும் சிகிச்சையை 'அதிர்வலை' என்று ஏற்கெனவே அழைக்கிறோம். இரண்டும் குழம்பினால் நோயாளி வேறொன்றுக்குச் சம்மதம் கொடுத்தவர் ஆகிவிடுவார்.

நான் சொல்வது 'கல்நொறுக்கி'. முதுகுத் துளை வழியே உள்ளே போகும் கருவிகள் எல்லாவற்றுக்கும் இது பொதுப்பெயராகட்டும். எப்படி நொறுக்குகிறது என்பதை முன்னொட்டுச் சொல்லட்டும். அழுத்தக் காற்றால் இயங்குவது 'தட்டு நொறுக்கி'. உலோகக் கோல் கல்லை மறுபடி மறுபடி தட்டும். கடினமான கல்லும் உடையும். ஆனால் துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கழியொலியால், அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால், இயங்குவது 'கழியொலி நொறுக்கி'. அதன் கோல் உள்ளீடற்றது. கல்லை அரைத்துக்கொண்டே அந்தத் துவாரம் வழியாகத் துகளை உறிஞ்சியும் விடுகிறது. மிகக் கடினமான கல்லென்றால் நேரமெடுக்கும். தமிழகத்து நண்பர்கள் இதை 'மீயொலி நொறுக்கி' என்பார்கள்; எனக்கு இரண்டும் சம்மதம், அகராதியில் இரண்டையும் போடலாம். லேசர் 'லேசர் நொறுக்கி'யாகவே இருக்கட்டும். அதன் இழை மிக மெல்லியது, அதனால் சிறிய துளைக்குப் பொருந்தும்.

சிக்கல் டிரிலஜி போன்ற புதிய கருவிகளில்தான். ஒரே கோல் தட்டவும் செய்கிறது, கழியொலியால் அரைக்கவும் செய்கிறது, உறிஞ்சவும் செய்கிறது. இதற்கு 'கூட்டு நொறுக்கி' என்கிறேன். 'முத்தொழில் நொறுக்கி' என்று எழுதியவரின் சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வார்டில் நின்று சொல்ல நீளம்.

சத்திரசிகிச்சையின் பெயரில் 'நுண்துளை' என்பதையும் எல்லாவற்றுக்கும் ஒட்ட வேண்டாம். வழமையான துளை கிட்டத்தட்ட 8 முதல் 10 மில்லிமீற்றர். சுண்டுவிரல் நுழையும் அளவை 'நுண்' என்று சொன்னால், கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது ஏமாற்றியதாகவே நினைப்பார்கள். அதற்குத் 'துளைவழிக் கல்லகற்றல்' போதும். 5, 6 மில்லிமீற்றரில் செய்வதைச் 'சிறுதுளைவழி' என்போம்.

துளை மூடாமல் காக்கும் குழாய்க்கு இன்னும் பெயரில்லை. 'வழிக்குழல்' என்று வைத்திருக்கிறேன். பொருந்தாது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.