காயத்துக்கு விதி இருக்கிறது, நோய்க்கு எங்கே? வீனஸுக்குக் கொடுத்த வைல்ட் கார்ட் பற்றி

அட்டன் பார்வையாளர்

2025 யு.எஸ். ஓபன் டென்னிஸ் முதல் சுற்றில் வீனஸ் வில்லியம்ஸ் கரோலினா முச்சோவாவிடம் 3-6, 6-2, 1-6 என்று தோற்றார். அன்றிலிருந்து ஒரே பேச்சுத்தான்: 45 வயதுக்காரிக்கு எதற்கு வைல்ட் கார்ட் (தரவரிசை போதாதவருக்கு ஏற்பாட்டாளர் கொடுக்கும் நேரடி நுழைவு), ஓர் இளம் பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாமே! கொடுத்தது சரி என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

காயப்பட்டவர்களுக்கு 'புரொடெக்டட் ரேங்கிங்' என்று ஒரு வழி உண்டு. ஆண்கள் சுற்றுப்பயணத்தில் அது இப்படி: குறைந்தது ஆறு மாதம் எந்தப் போட்டியிலும் ஆடாமல் இருக்க வேண்டும். காயப்பட்ட முதல் மூன்று மாதத் தரவரிசையின் சராசரியை எடுத்து ஓர் எண் தருவார்கள். அந்த எண்ணால் 9 போட்டிகளுக்குள் நுழையலாம், அல்லது 9 மாதம்வரை பாவிக்கலாம், எது முந்துகிறதோ அதுவரை. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 12 போட்டி, 12 மாதம். பலமானவர்கள் ஆரம்பத்திலேயே மோதாதபடி பிரித்து வைக்கும் சீடிங்குக்கு அந்த எண் செல்லாது. பெண்கள் பக்கத்திலும் அடிப்படை இதுதான்.

இது எலும்பு முறிந்தவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. முறிந்த நாள் தெரியும், அன்றைய தரவரிசையும் தெரியும். நோய் அப்படி வருவதில்லை. வீனஸ் 2011 யு.எஸ். ஓபன் இரண்டாம் சுற்றுக்கு முன் விலகி, தனக்கு ஷோக்ரன் நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவது) என்று அறிவித்தார். அதற்குப் பல வருடம் முன்பே களைப்பு இருந்தது, பெயர்தான் தெரியவில்லை. இரண்டு வாரம் ஆடி, நாலு வாரம் படுத்து, மறுபடி ஆடும் ஒருவருக்கு 'தொடர்ந்து ஆறு மாதம்' என்ற நிபந்தனை எப்படிப் பொருந்தும்? ஆட ஆடத் தரவரிசை கரைகிறது. கடைசியில் நின்றுபோகும்போது பாதுகாக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. வீனஸ் 2024 தொடக்கத்திலேயே முதல் 300-க்கு வெளியே. அந்த எண்ணைப் பாதுகாத்து என்ன பயன்?

பண்டாரவளைக்காரன்

அட்டன் அண்ணே, விதியைச் சரியாகச் சொன்னீர்கள். முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

கிராண்ட் ஸ்லாம் எனும் நாலு பெரிய போட்டிகளிலும் ஒற்றையர் டிரோவில், அதாவது ஆட்ட அட்டவணையில், 128 இடம். 104 தரவரிசைப்படி, 16 தகுதிச் சுற்றிலிருந்து, மிச்சம் 8 வைல்ட் கார்ட். யு.எஸ். ஓபனில் அந்த எட்டிலும் ஒன்று அவுஸ்திரேலியாவுக்கு, ஒன்று பிரான்சுக்கு, ஒப்பந்தப்படி போய்விடும். இன்னொன்று கோடைப் போட்டிகளில் அதிகப் புள்ளி எடுக்கும் அமெரிக்கருக்கு. 18 வயதுக்குட்பட்ட தேசிய சம்பியனுக்கும் ஒன்று. உண்மையில் தெரிவுக்குழு மனம்போல் கொடுக்கக்கூடியது மூன்றோ நாலோதான். முதல் சுற்றில் தோற்றாலே 2025-இல் 110,000 டொலர். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வென்றால்தான் மற்றவர்களுக்கு அந்த வாசல் திறக்கும்.

நோய்க்கு விதி இல்லை என்றால் விதியைத் திருத்தச் சொல்லுங்கள். வைல்ட் கார்ட் மருந்தல்ல, அது ஏற்பாட்டாளரின் சலுகை. ஏழு கிராண்ட் ஸ்லாம் வென்ற பெயருக்கு அது கிடைக்கும். அதே நோயோடு 180-ஆம் இடத்தில் இருப்பவருக்குக் கிடைக்காது. மணிக்கட்டுக் காயத்தால் வெளியே இருந்த ஆர்ஜென்டீனாவின் டெல் போட்ரோவைப் பாருங்கள். 2016 பெப்ரவரியில் டெல்ரே பீச் போட்டிக்கு வந்தபோது தரவரிசையில் 1,000-க்கும் கீழே. ஏறி வந்தார்.

நுவரெலியா நெட்

பண்டாரவளைக்காரன், டெல் போட்ரோவை உதாரணமாக எடுத்தால் முழுதாக எடுங்கள். அதே 2016 யு.எஸ். ஓபனில் அவர் 142-ஆம் இடத்தில் நின்று, வைல்ட் கார்டில்தான் உள்ளே வந்தார். வந்து காலிறுதிவரை போனார்.

அட்டன் அண்ணன் பக்கமும் ஒரு பிழை உண்டு. காயம் என்றால் நாள் தெரியும், கணக்குத் தெரியும் என்கிறீர்கள். மணிக்கட்டு அப்படி அல்ல. டெல் போட்ரோவுக்கு இடது மணிக்கட்டில் 2014 மார்ச், 2015 ஜனவரி, 2015 ஜூன் என்று மூன்று சத்திரசிகிச்சை. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது மணிக்கட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்காக: இரண்டு கையாலும் அடிக்கும் பேக்ஹேண்டில் (மறுபக்க அடியில்) மேலே இருக்கும் இடது கைதான் வேலை செய்கிறது. அது உண்மையில் ஓர் இடதுகை ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்க அடி). கை முதலில் பின்னுக்கு மடங்கும், பிறகு பந்தைத் தொடும் நேரத்தில் சுண்டுவிரல் பக்கமாகச் சுழலும். அந்தப் பக்கத்துத் தசைநாண்தான் முழுச் சுமையையும் வாங்குகிறது. பந்தைப் பிந்தித் தொட்டால் சுமை இன்னும் கூடும்.

ஆகவே 2016-இல் அவர் பேக்ஹேண்டைப் பெரும்பாலும் இரண்டு கையால் அடிக்கவில்லை, ஒரு கையால் ஸ்லைஸ் செய்தார், அதாவது பந்தை வெட்டி அடித்தார். ரியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே ஜோகோவிச்சை 7-6, 7-6 என்று வென்றது அந்தப் பாதி பேக்ஹேண்டோடுதான். இரண்டு கையும் சேர்ந்து முழுப் பலத்தோடு வர 2018 ஆகிவிட்டது. இந்தியன் வெல்ஸ் இறுதியில் ஃபெடரரை வென்றார், ஆகஸ்டில் 3-ஆம் இடம். ஒக்டோபரில் ஷாங்காயில் விழுந்து முழங்காற் சில்லு உடைந்தது. 2019-இல் குவீன்ஸ் போட்டியில் அதே சில்லு மறுபடி உடைந்தது. காயமும் ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடிவதில்லை.

இங்கே ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: மாலையில் மூட்டம் இறங்கினால் பந்தின் பஞ்சு ஈரம் குடித்துக் கனத்துவிடும். குளிரில் மட்டையின் பொலியெஸ்டர் நரம்பும் விறைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மணிக்கட்டைத்தான் தாக்கும். நரம்பின் இழுவையை இரண்டு கிலோ குறைத்துக் கட்டுங்கள்.

பதுளை டீச்சர்

காயத்தையும் நோயையும் ஒரே தராசில் வைக்க முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. காயத்தில் எது முடியாது என்று உடம்பே சொல்லிவிடும். பேக்ஹேண்ட் முடியாது என்றால் ஸ்லைஸ். நோயில் இன்று முடிந்தது நாளை முடியாது. அதற்கென்று ஆட்டத்தை மாற்ற வழியில்லை.

ரொபின் சோடர்லிங்கை நினைவிருக்கிறதா? 2009 பிரெஞ்சு ஓபனில் நடாலை வீழ்த்தியவர், 4-ஆம் இடம்வரை போனவர். 2011 ஜூலையில் சுவீடனின் போஸ்டாட் போட்டி இறுதியில் டேவிட் ஃபெரரை 6-2, 6-2 என்று வென்றார். அதுதான் அவரது கடைசி ஆட்டம். வயது 26. காரணம் சுரப்பிக் காய்ச்சல், மோனோ என்பார்கள். வைரஸ் நோய், அதற்கென்று மாத்திரை இல்லை. மண்ணீரல் வீங்கியிருக்கும், அடிபட்டால் வெடிக்கலாம் என்பதால் முதல் மூன்று வாரம் ஓட்டமே கூடாது. காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்து முழுப் பயிற்சிக்குப் போகிறவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். களைப்பு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். சோடர்லிங் நாலு வருடம் காத்திருந்து 2015 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்.

வீனஸின் ஷோக்ரன் வேறு வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும். கண் காயும், வாய் காயும், மூட்டு வலிக்கும், களைப்பு சொல்லாமல் வரும். புள்ளிக்குப் புள்ளி 25 விநாடி, பக்கம் மாறும்போது 90 விநாடி. இந்த இடைவெளிக்குள் சுவாசம் தணியாவிட்டால் அடுத்த புள்ளி கடனில்தான் ஆடப்படும். இதற்கு மேல் 2024-இல் கருப்பை நார்க்கட்டிக்குச் சத்திரசிகிச்சை. அந்தக் கட்டிகளால் மாதம்தோறும் அதிக இரத்தம் போகும், இரத்தம் குறைந்தால் தசைக்கு ஒட்சிசன் குறையும். இரத்தச்சோகையோடு மேட்டில் ஏறுவது எப்படி இருக்கும் என்று நம் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பண்டாரவளைக்காரன்

டீச்சர், நோயின் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017-ஐ மறந்துவிடுகிறோம். ஷோக்ரன் தெரியவந்து ஆறு வருடம் கழித்து வீனஸ் அவுஸ்திரேலிய ஓபன் இறுதி, விம்பிள்டன் இறுதி, யு.எஸ். ஓபன் அரையிறுதி என்று ஆடி, 37 வயதில் 5-ஆம் இடத்தோடு வருடத்தை முடித்தார். எல்லாம் சொந்தத் தரவரிசையில். ஆக, நோயை நிர்வகித்து மேலே வர முடிந்திருக்கிறது. 2025-இல் அவரைத் தடுத்தது வயது. வயதுக்கு எந்த விளையாட்டிலும் பாதுகாப்பு விதி கிடையாது, இருக்கவும் கூடாது.

அட்டன் பார்வையாளர்

2017-ஐ எடுத்தது நல்லது. அந்த விம்பிள்டன் இறுதியை இன்னொரு முறை பாருங்கள். முதல் செட்டில் வீனஸ் 5-4 முன்னிலை, எதிராளி முகுருசாவின் சேர்வில் 15-40. இரண்டு செட் பொயின்ட், ஒன்றை எடுத்தாலே செட் கையில். இரண்டும் போயின. அதிலிருந்து முகுருசா தொடர்ந்து ஒன்பது கேம் எடுத்தார்: 7-5, 6-0. நோயால்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு மணிநேரத்துக்குள் அந்தச் சேர்வும் கால்களும் அவரை விட்டுப்போன விதத்தை வயது என்று ஒரே சொல்லில் முடிக்கவும் முடியாது.

2025 ஜூலையில் வொஷிங்டனிலும் வைல்ட் கார்ட்தான். 16 மாதம் ஒற்றையர் ஆடாமல் வந்து, 35-ஆம் இடத்தில் இருந்த பெய்டன் ஸ்டேர்ன்ஸை 6-3, 6-4 என்று வென்றார். 2004-இல் 47 வயது மார்ட்டினா நவ்ரத்திலோவாவுக்குப் பிறகு, சுற்றுப்பயண ஒற்றையரில் வென்ற ஆகக்கூடிய வயதுக்காரர். அந்த வெற்றிக்குப் பிறகுதான் யு.எஸ். ஓபன் அழைப்பு வந்தது. அங்கே முச்சோவாவிடம் ஒரு செட்டும் எடுத்தார். அந்த முச்சோவாவே 2024-இல் மணிக்கட்டுச் சத்திரசிகிச்சை செய்து, அதே வருட யு.எஸ். ஓபனில் அரையிறுதிவரை மீண்டவர். 2025 இரட்டையரிலும் வீனஸ் லேய்லா ஃபெர்னாண்டஸோடு காலிறுதி. வீணாய்ப்போன இடம் என்று எப்படிச் சொல்ல?

கொட்டகலை தம்பி

அண்ணன்மாரே, டீச்சர், ஒரு சந்தேகம். ஒருவர் உண்மையிலேயே மீண்டுவிட்டாரா, பெயருக்கு ஆடுகிறாரா என்று டிவியில் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா? ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை.

நுவரெலியா நெட்

உண்டு தம்பி. ஸ்கோரை விடுங்கள். போட்டியின் இணையத்தளத்தில் புள்ளிவிபரம் இருக்கும். முதலில் இரண்டாம் சேர்வின் சராசரி வேகத்தை முதல் செட்டிலும் கடைசிச் செட்டிலும் ஒப்பிடுங்கள். முதல் சேர்வை ஆவேசத்தில் அடித்துவிடலாம், இரண்டாம் சேர்வுக்குக் கால் மடங்க வேண்டும். களைத்தவருக்கு அதுதான் முதலில் இறங்கும். அடுத்து ரலி நீளம், அதாவது ஒரு புள்ளிக்குள் பந்து எத்தனை முறை அடிக்கப்படுகிறது என்பது. 0 முதல் 4 முறை, 5 முதல் 8, 9-உம் அதற்கு மேலும் என்று பிரித்திருப்பார்கள். நோயிலிருந்து வந்தவர் முதல் பிரிவில் வென்று மூன்றாவதில் தோற்பார். மணிக்கட்டுக்காரர் என்றால் பேக்ஹேண்டில் எத்தனை ஸ்லைஸ் என்று எண்ணுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நீண்ட ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தைத் தவறாமல் பாருங்கள்.

பிரித்தானியாவின் அண்டி மறேயை எடுங்கள். 2019 ஜனவரியில் இடுப்பு மூட்டுக்கு உலோக மூடி போட்டார், அதே ஒக்டோபரில் அண்ட்வேர்ப்பில் வாவ்ரிங்காவை வென்று கிண்ணமும் எடுத்தார். 2023 மெல்பர்ன் அவுஸ்திரேலிய ஓபனில் கொக்கினாகிஸை இரண்டு செட் பின்னால் நின்று 5 மணி 45 நிமிடம் ஆடி வென்றபோது அங்கே விடிய 4.05. இலங்கையில் நமக்கு இரவு 10.35தான், ஆறுதலாகப் பார்க்க முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் பௌட்டிஸ்டா அகுட்டிடம் தோற்றார். இடுப்பு தாங்கியது. முந்தைய இரண்டு ஐந்து செட் ஆட்டங்களின் களைப்பு தாங்கவில்லை.

நேரம்: நியூயோர்க் பகல் ஆட்டம் 11 மணி என்றால் நமக்கு இரவு 8.30. இரவு 7 மணி ஆட்டம் என்றால் விடிய 4.30. விம்பிள்டன் சென்டர் கோர்ட் மாலை 6 மணி.

பண்டாரவளைக்காரன்

அட்டன் அண்ணே, முச்சோவாவிடம் எடுத்த செட்டையும் இரட்டையர் காலிறுதியையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த இடம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 180-ஆம் இடத்துக்காரருக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அட்டன் பார்வையாளர்

சொல்கிறேன். 'தொடர்ந்து ஆறு மாதம்' என்பதை நீண்டகால நோய்க்கு மட்டும் மாற்றலாம்: இரண்டு வருடத்துக்குள் கூட்டிப் பார்த்து 26 வாரம் ஆடாமல் இருந்தால் போதும். சராசரி எடுப்பது ஆடாமல்போன முதல் மூன்று மாதத்திலிருந்து அல்ல, நோய் உறுதியான நாளுக்கு முந்தைய வருடத்திலிருந்து. பெயர் பெற்றவருக்கும் 180-ஆம் இடத்துக்காரருக்கும் ஒரே கணக்கு. அப்போது வைல்ட் கார்ட் முழுவதையும் இளம் பிள்ளைகளுக்கே கொடுக்கட்டும்.

பதுளை டீச்சர்

கணக்கு நியாயம்தான். ஆனால் 'நோய் உறுதியான நாள்' என்று எழுதுகிற இடத்தில் மறுபடி சிக்கல். பெயர் தெரியாமல் வருடக்கணக்கில் களைத்தவர்களுக்கு அந்த நாளே பிந்தித்தான் வருகிறது, தரவரிசை கரைந்த பிறகு. அறிகுறிக்காக முதலில் வைத்தியரைப் பார்த்த நாள் என்று வைத்தால் ஓரளவு சரிவரும்.

பண்டாரவளைக்காரன்

அதற்கு யார் வைத்தியர், யார் கையெழுத்து? ஆட்டக்காரரின் சொந்த வைத்தியர் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். சுற்றுப்பயண நிர்வாகம் நியமிக்கும் வைத்தியர் பழைய பதிவேட்டைப் பார்த்து ஒப்பமிட வேண்டும். அதை எழுதிச் சேருங்கள் அண்ணே, நானும் உங்கள் கட்சி.

அட்டன் பார்வையாளர்

சேர்த்தாயிற்று தம்பி.