ஆடவே ஆடாத 42 வயது ஆளுக்கு அணியில் எதற்கு ஓர் இடம்?

ஆறுமணி அலாரம்:

ஒரு சந்தேகம். நான் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்து ரொம்ப நாளாகவில்லை, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

நேற்று தூக்கம் வராமல் 2023 ஃபைனல்ஸ் மூன்றாவது ஆட்டத்தைப் பழைய பதிவில் பார்த்துக்கொண்டிருந்தேன். டென்வர் மியாமியை அவர்கள் ஊரிலேயே 109-94 என்று சாத்திய ஆட்டம். தோற்பது உறுதியான பிறகு, கடைசி அரை நிமிடத்துக்கு மியாமி ஓர் ஆளை இறக்கியது. யூடோனிஸ் ஹாஸ்லெம். 43 வயது முடிய இரண்டே நாள் பாக்கி. ஃபைனல்ஸில் ஆடியவர்களிலேயே அதிக வயதுக்காரர் இவர்தானாம், பழைய ஜாம்பவான் கரீம் அப்துல் ஜப்பாரையே தாண்டிவிட்டார்.

சரி, யார் இந்த மனிதர் என்று கணக்கெடுத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 2019-20 சீசனில் நான்கு ஆட்டம். அடுத்த சீசனில் ஒன்றே ஒன்று, அதிலும் மூன்று நிமிடம்கூட முடியவில்லை, எதிரணியின் டுவைட் ஹோவர்டோடு மல்லுக்கு நின்று வெளியே அனுப்பப்பட்டார். 2022-23இல் 82 ஆட்டத்தில் ஏழு. அணியில் மொத்தமே 15 பேருக்குத்தான் முழு ஒப்பந்தம் தர முடியும். அதில் ஓர் இடத்தை வருடக்கணக்காக இவருக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு துடிப்பான பையனைச் சேர்த்திருக்கலாமே? இது பழைய பாசமா, இல்லை எனக்குப் புரியாத கணக்கு ஏதாவது இருக்கிறதா?

பதினைந்தாவது நாற்காலி:

பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கம்.

பத்து வருடத்துக்கு மேல் ஆடியவருக்கு லீக் வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 2022-23இல் சுமார் 29 லட்சம் டாலர். ஆனால் ஒரு வருட ஒப்பந்தமாக இருந்தால் அணியின் கணக்கில் ஏறுவது சுமார் 18 லட்சம்தான், மீதியை லீக் கொடுத்துவிடும். விலை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக வயதானவர்களைத் தள்ளிவிட்டு அணிகள் சின்னப் பையன்களாகவே எடுத்துவிடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஆக, மியாமிக்கு ஹாஸ்லெம் கிட்டத்தட்ட இரண்டு வருட அனுபவமுள்ள பையனின் விலையில் கிடைத்தார். 15ஆவது இடத்தில் இருப்பவன் எந்த அணியிலும் பெரும்பாலும் ஆடப்போவதில்லை, அதையும் நினைவில் வையுங்கள். ஆடாத அந்த ஒருவன் யாராக இருக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

இனி பாசம். அணிகள் முறைவைத்துப் புது ஆட்களைப் பொறுக்கும் டிராஃப்டில், 2002இல் இவரை ஒருவரும் எடுக்கவில்லை. பிரான்ஸுக்குப் போய் ஒரு வருடம் ஆடி, சுமார் 30 கிலோ எடை குறைத்துக்கொண்டு, 2003இல் சொந்த ஊரான மியாமிக்கு வந்தவர் கடைசிவரை வேறு சட்டை போடவில்லை. 20 சீசன், மூன்று சாம்பியன்ஷிப். 2010இல் லெப்ரான், பாஷ் என்ற பெரிய நட்சத்திரங்கள் மியாமிக்கு வந்தபோது வேறு அணிகள் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தும், ஐந்து வருடத்துக்கு 2 கோடி டாலர் போதும் என்று அங்கேயே இருந்துவிட்டார். 2023இல் அவர் ஆட்டத்தை விட்டபோது அந்த அணியின் வரலாற்றில் அதிக ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்திருந்தவரும் அவர்தான். கௌரவத்துக்காக வைத்திருந்த பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம்.

கசப்புக் காபி:

எல்லோரும் கண்கலங்குவதற்கு முன் ஒருவராவது மாற்றிப் பேச வேண்டுமே.

“டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்” என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அதே மாதிரி யாரும் எடுக்காத இன்னொரு பையனுக்கு அந்த 15ஆவது இடம் கிடைத்திருந்தால்? 2023இல் மியாமியை ஃபைனல்ஸ் வரை தூக்கிப்போன டங்கன் ராபின்சன், மேக்ஸ் ஸ்ட்ரஸ், கேப் வின்சென்ட், கேலப் மார்ட்டின் நாலு பேருமே டிராஃப்டில் விலைபோகாதவர்கள்தான். அப்படி ஆள் தேடிப் பிடிப்பதில் கைதேர்ந்த அணி, வருடா வருடம் ஓர் இடத்தைப் பூட்டிவைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. புத்தி சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும் என்றால் உதவிப் பயிற்சியாளராக்கி கோட் போட்டு உட்காரவைத்திருக்கலாம்.

அப்புறம், வயதான ஆள் என்றாலே அணிக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதுவும் பொய். லேக்கர்ஸ் அணியின் நட்சத்திரம் கோபி பிரையன்ட்டின் கடைசி சீசன் 2015-16. அவருக்குச் சம்பளம் இரண்டரைக் கோடி டாலர், அணி 17 வெற்றி 65 தோல்வி, அவர் எறிந்ததில் 100க்கு 36தான் உள்ளே விழுந்தது. கடைசி ஆட்டத்தில் 60 பாயிண்ட் அடித்தார், ஆமாம், நானும் கத்தினேன், ஆனால் அதற்கு 50 ஷாட் எடுத்தார். அந்த வருடம் லேக்கர்ஸில் வளர வேண்டிய பையன்கள் என்ன கற்றிருப்பார்கள்? பந்தைக் கோபியிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க!

கோச் மாமா:

காபி சார், கோபி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன் (நானும் அவர் ரசிகன்தான், வலிக்கிறது). ஆனால் அது ஹாஸ்லெமுக்கு நேரெதிரான கதை. கோபி நிமிடத்தையும் பந்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டார், இவர் மூன்றையுமே கேட்கவில்லை.

உதவிப் பயிற்சியாளராக்கியிருக்கலாம் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 2022 மார்ச்சில் கோல்டன் ஸ்டேட்டோடு நடந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். தன் நட்சத்திரம் ஸ்டெஃப் கரி இல்லாத அந்த அணியிடம் மூன்றாவது குவார்ட்டரில் மியாமி அடிமேல் அடி வாங்குகிறது. டைம் அவுட்டில் மியாமியின் நட்சத்திரம் ஜிம்மி பட்லர் பயிற்சியாளர் ஸ்போல்ஸ்ட்ராவிடமே எகிறுகிறார், ஸ்போல்ஸ்ட்ராவும் விடவில்லை, நடுவில் ஹாஸ்லெம் பாய்ந்து பட்லரைப் பார்த்துக் கத்துகிறார், பிடித்து இழுக்க நாலு பேர் தேவைப்பட்டது. ஊரே அன்றைக்கு மியாமி உடைந்துவிட்டது என்று எழுதியது. அந்த அணிதான் சீசன் முடிவில் லீக்கின் கிழக்குப் பிரிவில் முதலிடம். அணியின் பெரிய நட்சத்திரத்தை எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்க யாரால் முடியும்? பயிற்சியாளர் கேட்டால் அது அதிகாரம், சின்னப் பையன் கேட்டால் திமிர். அதே சட்டை போட்டு அதே பயிற்சியில் வியர்வை சிந்தும் ஆள் கேட்டால்தான் அது வீட்டுச் சண்டை மாதிரி முடிந்துபோகும். கோட் போட்ட அன்றைக்கே அவர் நிர்வாகத்தின் ஆள் ஆகிவிடுவார்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். “ஸ்கிரீன் வருது, வாயைத் திறந்து சொல்லு” (எதிராளி வழிமறிக்க வருகிறான் என்று அர்த்தம்) என்று தொண்டை கிழியக் கத்தினாலும் நான் சொன்னால் கேட்காதவன், பிளஸ் டூ அண்ணன் ஒருவன் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே செய்கிறான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அந்த அண்ணன் குரல் உள்ளே கேட்கும்.

இன்னொன்று, வயதானவன் காட்டுவது பேச்சை மட்டுமில்லை, பழக்கத்தையும். 2013 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம், சான் அன்டோனியோவிடம் மியாமி மூன்று பாயிண்ட் பின்தங்கியிருக்கிறது, பாஷ் ரீபவுண்ட் எடுத்துத் தருகிறார், மியாமியின் 37 வயது ரே ஆலன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னாலேயே நடந்து மூலைக்குப் போய், மூன்று பாயிண்ட் கோட்டை மிதிக்காமல் எறிகிறார். 5.2 விநாடி பாக்கி, சமநிலை. அதிர்ஷ்டம் என்பார்கள். கூடைக்கடியில் தரையில் படுத்துக்கொண்டு, சட்டென்று எழுந்து, பின்னாலேயே ஓடி மூலையில் நின்று பந்து வாங்கி எறிவது என்று ஒரு பயிற்சியை அவர் வருடக்கணக்காகத் தனியாகச் செய்துவந்தவர். வேறு வேலையில்லையா இந்த மனிதருக்கு என்று அதைப் பார்த்துச் சிரித்த பையன் யாராவது இருந்திருந்தால் அன்றோடு சிரிப்பு நின்றிருக்கும்.

பதினைந்தாவது நாற்காலி:

கோச் மாமா சொன்னதோடு ஒன்று. ஆடியும் சொல்லிக்கொடுத்தும் இரண்டையும் செய்கிறவர்களும் உண்டு. கிறிஸ் பால் என்ற ஆட்டக்காரர் வருவதற்கு முந்தைய சீசனில் ஃபீனிக்ஸ் அணி 34 வெற்றி 39 தோல்வி. 35 வயதில் அவர் வந்து சேர்ந்ததும் 51-21, நேரே ஃபைனல்ஸ். ஆனால் அந்த விலைக்கு அப்படிப்பட்டவர் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார், முழங்கால் எப்போது கைவிடும் என்ற பயம் வேறு.

கசப்புக் காபி:

பட்லர் சண்டை நல்ல உதாரணம், அதை மறுக்கவில்லை. கோட் விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வருடம், இரண்டு வருடம் சரி. கடைசி ஏழு சீசனும் சேர்த்து 70 ஆட்டம்கூட இல்லை சாமி! அத்தனை வருடம் இவரைத் தவிர பட்லரைக் கேள்வி கேட்க அங்கே ஒருவரும் வளரவில்லை என்றால், அது இவர் சொல்லிக்கொடுத்த லட்சணமும்தானே.

ஆறுமணி அலாரம்:

காபி கடைசியாகக் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்கள், எனக்கும் அதே எண்ணம் வந்தது. சம்பளத்தில் லீக் பங்கு போடுகிறது என்பது சத்தியமாகத் தெரியாது, நன்றி.

மாமா சொன்ன சண்டையைப் பார்த்துவிட்டு அப்படியே அடுத்தடுத்து ஓடவிட்டதில் 2023 ஏப்ரலில் ஆர்லாண்டோவோடு அவர் ஆடிய கடைசி சீசன் ஆட்டம் வந்தது. தொடக்க ஐவரில் இறக்கியிருக்கிறார்கள். 24 பாயிண்ட்! வருடம் முழுக்க பெஞ்சில் இருந்துவிட்டு 42 வயதில் 24 பாயிண்ட் எடுக்க வேண்டுமென்றால், யாரும் கூப்பிடாத அந்த மற்ற நாட்களில் எல்லாம் மனிதர் காலையில் எழுந்து என்னதான் செய்துகொண்டிருந்தார்?