நாலு ஏக்கர் தோப்பு வீட்டை விற்றுவிட்டு டவுனில் சின்ன வீடு: சரியா, தப்பா?

விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட நிலைமை: பொள்ளாச்சி பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு, நடுவில் 2,000 சதுர அடி ஓட்டு வீடு. இருப்பது எழுபதை நெருங்கும் கணவனும் மனைவியும். பிள்ளைகள் வெளியூரில். எல்லாவற்றையும் விற்றுவிட்டு டவுனில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் போய்விடலாமா?

தோப்புராசா:
விற்பதுதான் சரிங்க. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், ஆக 280 மரம். 45 நாளுக்கு ஒரு வெட்டு. மரமேறியைப் பிடிப்பது, காய் பொறுக்குவது, எண்ணி வண்டி ஏற்றுவது என்று ஒவ்வொரு வெட்டுக்கும் ஆள் பின்னாலேயே நிற்க வேண்டும். அது போக வேர்வாடல் நோய். அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. மரத்தை எடுத்துவிட்டுக் கன்று வைத்தால், நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம். தினமும் தோப்பைச் சுற்றி நடந்தால்தான் ஓலை தளர்ந்து விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளைவது ஆரம்பத்திலேயே கண்ணில் படும். நடக்க முடியாதவர் கையில் தோப்பு இருந்தால் வருடா வருடம் மதிப்புதான் குறையும்.

மேட்டாங்காடு:
நடக்க முடியவில்லை என்றால் குடி மாறலாம், அண்ணா. அதற்கு ஏன் நிலத்தை விற்கணும்? முதலில் டவுனில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். தோப்பைக் காய்க் குத்தகைக்கு விடட்டும். டவுன் வாழ்க்கை ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வர வீடு இருக்கும். விற்ற பிறகு மனசு மாறினால், அன்றைய நில விலையோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால்தான் இதே போல் ஒரு காணி கிடைக்கும்.

பத்திரப்பார்வை:
குத்தகை என்ற சொல்லிலேயே ஆபத்து இருக்கிறது. தன் உடலுழைப்பைப் போட்டு நிலத்தைப் பயிர் செய்கிற குத்தகைதாரருக்கு, 1955-ஆம் வருட சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் அவரை வெளியேற்ற முடியாது, வருவாய் நீதிமன்றம் போகணும். அதனால் நிலத்தைக் குத்தகைக்கு விடாதீர்கள், மரத்தில் இருக்கிற காயை மட்டும் விலை பேசுங்கள். "நிலத்தின் சுவாதீனம் (கைவசம்) உரிமையாளரிடமே" என்று எழுத்தில் வரணும். உரம், உழவு, தண்ணீர் பாய்ச்சல் செலவு உங்கள் பெயரில், ரசீதோடு. மோட்டார் அறைச் சாவி உங்கள் ஆளிடம். வருடா வருடம் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலை, அதாவது சாகுபடிப் பதிவேட்டைப் பார்த்து, சாகுபடி உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யணும்.

தோப்புராசா:
பாருங்க, உரம் உங்கள் செலவு, மோட்டார் சாவிக்கு ஒரு ஆள், வருடா வருடம் அடங்கல். இத்தனையும் வெளியூரில் இருந்து எழுபது வயதில் யார் செய்வது? இதற்குப் பெயர் ஓய்வா?

வரிக்கணக்கு:
விற்பதாக இருந்தால் முதலில் டவுன் எல்லையிலிருந்து தோப்புக்கு உள்ள தூரத்தை அளங்க, வரி அதைப் பொறுத்தது. மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள நகராட்சி, பேரூராட்சி என்றால் எல்லையிலிருந்து 2 கி.மீ., 10 லட்சம் வரை 6 கி.மீ., அதற்கும் மேல் 8 கி.மீ. சாலைத் தூரம் இல்லை, வான்வழித் தூரம். அதற்கு வெளியே இருக்கிற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி, அதாவது சொத்து விற்ற லாபத்துக்கான வரி கிடையாது. பொள்ளாச்சி 2011 கணக்கில் லட்சத்துக்குள்தான், ஆனால் பக்கத்துப் பேரூராட்சி எல்லையையும் சேர்த்துப் பார்க்கணும்.

பலர் தவறுவது இதில்: வீடும் அது நிற்கிற இடமும் விவசாய நிலம் ஆகாது. பத்திரத்தில் தோப்புக்கு ஒரு மதிப்பு, வீட்டுக்கு ஒரு மதிப்பு என்று பிரித்துக் காட்டுங்கள். வீட்டில் வந்த லாபத்தை இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கப் போட்டாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்கணும், சாதா சேமிப்புக் கணக்கு செல்லாது. முன்பணமாக இருந்தாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய அளவுக்கே அபராதம் வரும்.

உடுமலை வாசகி:
இன்னொன்று, அக்கா தங்கை கையெழுத்து. பூர்வீகச் சொத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் அது பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால், விலை பேசும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். கடைசி நாளில் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது நியாயமும் இல்லை.

விற்காமல் பிள்ளைகளுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவிட்டு டவுனுக்குப் போவதாக இருந்தால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பின்னால் ரத்து கேட்க அந்த வரிதான் பிடிமானம்.

மேட்டாங்காடு:
டவுன் வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1,000 சதுர அடி என்று விற்கிற அடுக்குமாடி வீட்டில் சுவருக்குள் கிடைப்பது 700, 750தான். அதன் வரைபடத்தைத் தோப்புக் களத்தில் கோலமாவால் நிஜ அளவில் போடுங்கள். கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசையை அதற்குள் வையுங்கள். கதவு திறக்கிற பக்கத்துக்கும் இடம் விடுங்கள். ஊஞ்சலும் ஆட்டுக்கல்லும் எங்கே போகும் என்பது அரை நாளில் தெரிந்துவிடும். குளியலறைக் கதவு 2½ அடி என்பார்கள், நிலை போக வழி அதைவிடக் குறையும். சக்கர நாற்காலியே 2 அடிக்கு மேல் அகலம். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகுமா என்றும் பாருங்கள்.

தோப்புராசா:
கோலமாவு யோசனையை ஏற்கிறேன். அப்படியானால் நடுவழி ஒன்று: வீட்டோடு 20 சென்ட் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிட்டால்?

பத்திரப்பார்வை:
செய்யலாம். ஆனால் விற்கும் முன்பே சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து, அந்த 20 சென்டுக்குத் தனிப் பட்டா வாங்குங்கள். கிணறும் இலவச மின் இணைப்பும் தோப்போடு போய்விடும். விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கவும் கூடாது. வீட்டுக்குத் தனி போர், தனி மின் இணைப்பு இருக்கணும், இல்லையென்றால் கிணற்றில் முறைத் தண்ணீர்ப் பங்கை எழுதி வாங்கணும். ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் "மாமூல் வண்டித் தட பாத்தியம்" (வழக்கமாக வண்டி போய்வரும் வழி உரிமை) என்று அகலம், நாலு எல்லையோடு பத்திரத்தில் வரணும். அந்த வரி விட்டுப்போனால், வாங்கியவர் கம்பி வேலி போட்ட அன்றைக்கே ஆம்புலன்ஸ் வாசலுக்கு வராது.