சொந்தமாப் போட்டதுன்னு நினைச்ச மெட்டு, பார்த்தா வேற யாரோடதோ! உங்களுக்கு நடந்திருக்கா?

பல்லவிமட்டும்
குறும்படத்துக்கு ஒரு பாட்டு. பட்ஜெட், டைரக்டர் புராணமெல்லாம் விடுங்க, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ராத்திரி பைக்ல வரும்போது மெட்டு வந்துச்சு. வடபழனி சிக்னல் தாண்டி ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழட்டி போன்ல பாடி வெச்சுக்கிட்டேன். பல்லவி முழுசா, ஒரு ஸ்வரம்கூட மாத்தவேண்டிய அவசியமில்லாம வந்துச்சு.

மிக்ஸிங் அன்னிக்குப் பல்லவி மட்டும் லூப்ல ஓடிட்டு இருக்கு. சரணம் இன்னும் போடல. டீ கொண்டு வந்த பையன் டம்ளரை வெச்சுக்கிட்டே கூட முணுமுணுத்தான். எனக்கு ஒரே சந்தோஷம், அதுக்குள்ள வாயில ஒட்டிக்கிச்சேன்னு. பல்லவி முடிஞ்சு லூப் திரும்புற இடத்துல அவன் நிறுத்தல. அடுத்த வரிக்குப் போயிட்டான். நான் போடாத வரி! என் பல்லவிக்குக் கச்சிதமா பொருந்துது, நான் மண்டையை உடைச்சிருந்தாலும் அவ்வளவு நல்லா வந்திருக்காது.

"தம்பி, இது என்ன பாட்டுடா?"
"தெரியலண்ணா. எங்க ஊரு டவுன்பஸ்ல போடுவாங்க."

சவுண்டு இன்ஜினியர் என் மூஞ்சியைப் பார்க்காம ஃபேடரையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் தேடிக் கண்டுபிடிச்சேன், எண்பதுகள்ல வந்து ஓடாமப் போன ஒரு படத்துப் பாட்டு. நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல. ஆனா நானும் டவுன்பஸ்லதான் ஸ்கூலுக்குப் போனேன்.

மோகனப்ரியன்
இதுல காப்பி எங்கேர்ந்து வந்தது? முதல்ல அந்தப் பல்லவி என்ன ராகம்னு சொல்லுங்கோ. நிச்சயம் அஞ்சு ஸ்வர ராகமாத்தான் இருக்கும். மோகனத்துல ச ரி க ப த, அவ்வளவுதான் சரக்கு. அதுக்குள்ள எவ்வளவு தூரம்தான் விலகிப் போக முடியும்? நானும் ஒரு தில்லானா பண்ணினேன். சபா செக்ரெட்டரி காபி குடிச்சுண்டே, "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே"ன்னார். "மோகனம் சார், கேட்ட மாதிரிதான் இருக்கும்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பீட்டில்ஸ் குழுவில இருந்த ஜார்ஜ் ஹாரிசனையும் இப்படித்தான் மாட்டிவிட்டா. அவரோட 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டு, 'ஹீ'ஸ் ஸோ ஃபைன்'ங்கற பழைய பாட்டோட மெட்டுன்னு போட்ட கேஸ்ல நீதிபதி பிரிச்சு வெச்ச ரெண்டு துண்டு என்ன தெரியுமோ? நம்ம கணக்குல சொன்னா ப-க-ரி ஒண்ணு, ப-த-ச-த-ச இன்னொண்ணு. அத்தனையும் மோகன ஸ்வரம்! அந்தக் கேஸ் மெட்ராஸ்ல நடந்திருந்தா பாதி வித்வான்கள் உள்ளே இருந்திருப்பா. ராகம்னா என்னன்னே தெரியாதவா தீர்ப்பு எழுதினா இப்படித்தான்.

சுதிப்பெட்டி
@மோகனப்ரியன் சார், தீர்ப்பைப் பாதி படிச்சுட்டுப் பேசறீங்க. அந்த நீதிபதி ரிச்சர்ட் ஓவன் ஆப்பரா எழுதின ஆளு. தனித்தனியா பார்த்தா ரெண்டு துண்டும் சாதாரணம்தான்னு அவரே சொல்றாரு. முதல் துண்டு நாலு தடவை, அதுக்கப்புறம் ரெண்டாவது துண்டு திரும்பத் திரும்ப, அந்த ரெண்டாவதுல ஒரு சின்ன ஒட்டு ஸ்வரம் ரெண்டு பாட்டுலயும் ஒரே இடத்துல வந்து விழுது. மாட்டிவிட்டது அந்த வரிசைதான். ஷிஃபான்ஸ் பெண்கள் பாடின 'ஹீ'ஸ் ஸோ ஃபைன்' 1963ல அமெரிக்காவுல நாலு வாரம் முதலிடத்துல இருந்த பாட்டு. காதுல விழலைன்னு யாரும் சொல்ல முடியாது. 1976ல வந்த தீர்ப்பு என்ன சொல்லுது? வேணும்னு எடுக்கல, உள்மனசு எடுத்துக் குடுத்திருக்கு, இருந்தாலும் அத்துமீறல் அத்துமீறல்தான். 1981ல 5,87,000 டாலர்னு தொகை நிர்ணயம் ஆச்சு.

ராகம் வேற, மெட்டு வேற சார். எடுப்பு (பாட்டு தொடங்குற இடம்) எங்க, எந்த ஸ்வரத்துல போய் நிக்குது, அங்க எத்தனை அட்சரம் (தாளத் தட்டு) நீளுது, இது மூணும் ஒத்துப்போச்சுன்னா பாவம் மோகனத்து மேல பழியைப் போடாதீங்க. மோகனத்துல ஆயிரம் பாட்டு இருக்கு, டீக்கடைப் பையன் ஆயிரத்துக்குமா அடுத்த வரி பாடினான்?

எனக்கு நடந்தது இதைவிடக் கேவலம். சொல்ல மாட்டேன்.

கொயர்_எபி
எங்க சபையில கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நான் புதுசா ஒரு அல்லேலூயா எழுதுனேன். ஆல்ட்டோ, டெனர், பாஸ்னு மேல்குரல் கீழ்க்குரல் எல்லாம் பிரிச்சு எழுதி, நவம்பர்லயே பிராக்டிஸ் ஆரம்பிச்சாச்சு. பெரியவங்க யாருக்கும் எதுவும் தோணல. எங்க சபை போதகர் ஐயர் கண்ணை மூடிக் கேட்டுட்டு "ஆவியானவர் குடுத்த ராகம் தம்பி"ன்னு சொன்னாங்க.

அன்னிக்குக் காலையில முன் பெஞ்சுல சண்டே ஸ்கூல் பிள்ளைங்க. ஒவ்வொரு வரி முடிவுலயும் ரெண்டு தட்டு இடைவெளி விட்டிருந்தேன், மூச்சு எடுக்கறதுக்கு. முதல் வரி முடிஞ்சதும் ஒரு பையன் அந்த இடைவெளியில 'டப் டப்'புன்னு கை தட்டுனான். ரெண்டாவது வரியில மூணு நாலு பேர். அடுத்த சரணத்துல பெஞ்சே தட்டுது, கொஞ்சம்கூடத் தாளம் தப்பாம. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கார்ட்டூனுக்கு நடுவுல ஓடுற பிஸ்கட் விளம்பரம்! வீட்டுல என் மக தினமும் பாக்குறது. ஆர்கன் வாசிச்ச அக்கா சிரிப்பை அடக்க முடியாம பெடல்ல இருந்து காலை எடுத்துட்டாங்க, பாஸ் இல்லாமலே ஒரு வரி போச்சு.

அடுத்த வருஷம் அந்த இடைவெளியில 'ஆமென்' போட்டு அடைச்சேன். இப்ப ஆமென் முடிஞ்சதும் தட்டுறாங்க.

அம்மம்மாவீட்டுப்பிள்ளை
நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். இஞ்சத்தைத் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டனான். கிட்டார்ல, மைனர் கோர்ட் (chord, சேர்த்து வாசிக்கிற ஸ்வரங்கள்) வச்சு. நல்ல மேற்கத்தேயச் சாயல் எண்டு எனக்குள்ள ஒரு பெருமை வேற.

அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டேக்க அவ அதுக்கு மேல "ஆராரோ ஆரிவரோ" எண்டு தொடங்கிட்டா. சொல்லெல்லாம் அந்தந்த இடத்தில போய் இருக்குது. நான் ஒரு இடத்தில கோர்ட் மாத்தினனான், அது பிழை எண்டு தலையை ஆட்டிப்போட்டுத் தன்ர பாட்டுக்குப் பாடிக்கொண்டு போறா. "உனக்குப் பாடினதுதானே மோனை. என்ர கொம்மா எனக்குப் பாடினவ." நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேக்க நான் சின்னப்பிள்ளை. ஊரில எங்கட வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது எண்டுகூட எனக்கு ஞாபகமில்லை.

மேல கேஸ், டாலர் எண்டு கதைக்கிறியள். எனக்கு வந்த பிரச்சினை வேற. நிகழ்ச்சி நிரல்ல 'இசை' எண்டு என்ர பேரை அடிச்சுப்போட்டினம். அம்மம்மா கண்ணாடியைப் போட்டு அதை வடிவா வாசிச்சுப்போட்டு ஒண்டும் சொல்லேல்லை.

ராயல்டிராமசாமி
@அம்மம்மாவீட்டுப்பிள்ளை: அடுத்த முறை 'மரபு மெட்டு' என்று போட்டுவிடுங்கள், உங்கள் பெயரை 'இசைக்கோர்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். தாலாட்டுக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

எனக்கும் ஒருமுறை நடந்தது. ஜிங்கிள் (விளம்பரப் பாட்டு) ஒன்று, ஒளிபரப்புக்கு முன்பே பிடித்துவிட்டார்கள், மாற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதுபவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு வினாடி வரை எடுக்கலாம், நாலு பார் (தாளச் சுற்று) வரை எடுக்கலாம் என்று ஸ்டுடியோக்களில் ஒரு கதை சுற்றுகிறது. அப்படி ஒரு விதி நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது, ஆகவே "பழைய பாட்டுதானே" என்பதும் உதவாது. பொதுவாக இரண்டு கேள்விதான் வரும். அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பு உண்டா? எவ்வளவு ஒத்துப்போகிறது?

அதனால் மெட்டு வந்த அன்றே அதைக் கொடுத்துவிடாதீர்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 'யெஸ்டர்டே' மெட்டு தூக்கத்தில் வந்தபோது, இது யாருடையதோ என்று நினைத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் உரிமை கொண்டாடவில்லை, பிறகுதான் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். மெட்டை ஸ்வரப்படுத்திப் பாருங்கள், வார்த்தையும் வாத்தியமும் போனால் மூலப் பாட்டு வெளியே வரும். பாதி வேகத்தில் பாடுங்கள். குத்துப் பாட்டாக வந்தது பக்திப் பாட்டு என்று அப்போதுதான் தெரியும். 2020லிருந்து கூகுளில் முணுமுணுத்துத் தேடும் வசதி இருக்கிறது. பிறகு, உருவாகும்போதே பதிவு செய்து வையுங்கள், தேதியோடு. இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் 2022இல் இதே மாதிரி ஒரு லண்டன் வழக்கில் ஜெயித்த பிறகு, பாட்டு எழுதும் நேரம் முழுவதையும் இப்போது வீடியோ எடுத்து வைப்பதாகவே சொன்னார். டேமியன் ரீல், நோவா ரூபின் என்று இரண்டு பேர் கணினியை வைத்து எட்டு ஸ்வரத்தில் பன்னிரண்டு தட்டுக்கு வரக்கூடிய 6,870 கோடி மெட்டுகளையும் உண்டாக்கிப் பொதுவில் விட்டார்கள். எல்லா மெட்டும் ஏற்கெனவே எங்கோ இருப்பதுதான் என்று காட்டத்தான். அதை நம்பி நீங்கள் கோர்ட்டுக்குப் போய்விடாதீர்கள்.

பல்லவிமட்டும்
சார், அட்வைஸ் கேட்டது யாரு? அந்த ஜிங்கிள் கதையை முழுசா சொல்லியிருக்கலாம். கூகுள்ல முணுமுணுத்தும் பார்த்தாச்சு. பக்கத்துல சதவீதம் போட்டு வரிசையா காட்டுது, எல்லாமே பாதிக்குக் கீழ, அதுல ரெண்டு என்ன பாஷைன்னே தெரியல. டவுன்பஸ் பாட்டு லிஸ்ட்லயே இல்ல.

தேனி_ட்ராக்ஸ்
நம்ம கதை வேற மாதிரி. அடுத்தவன் மெட்டு இல்ல, என் மெட்டையே நான் சுட்டுப்புட்டேன். உள்ளாட்சித் தேர்தல் நேரம், ராவும் பகலுமா பிரச்சாரப் பாட்டு அடிச்சுக்கிட்டிருக்கோம். பேரு, சின்னம், வார்டு நம்பர் மாத்தி மாத்திப் பாடணும். தூக்கமே கிடையாது. ஒரு அண்ணனுக்குப் புதுசா மெட்டுப் போட்டேன்னு நெஞ்சறிய நம்பித்தான் குடுத்தேன்.

மறுநா சந்தைப்பேட்டை முக்குல ரெண்டு ஆட்டோ எதிரும் புதிருமா வந்து நிக்குது. ரெண்டுலயும் குழாய் ஸ்பீக்கர். இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் எதிர்க்கட்சி, பாட்டு ஒண்ணு! ஒண்ணு அரை அடி முன்ன, ஒண்ணு பின்ன. கேக்குறவனுக்கு எக்கோ போட்ட மாதிரி இருக்கு. ஒருத்தன் "வெற்றி"ங்குறான், அதே இடத்துல மத்தவன் பூட்டு சாவிங்குறான். பூக்காரம்மா ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "யார்றா இவன், ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டது"ன்னுச்சு. நான் எதுத்த கடையில பரோட்டா திங்கிறேன், எந்திரிக்கவும் முடியல, உக்காரவும் முடியல.

சுதிப்பெட்டி
@தேனி_ட்ராக்ஸ் உங்களுக்குத் துணைக்கு ஆள் இருக்காரு. ஜான் ஃபோகர்ட்டி, அமெரிக்க ராக் பாடகர். அவரோட 1970 பாட்டு உரிமை பழைய கம்பெனிகிட்ட இருந்துச்சு. பின்னால வந்த அவர் பாட்டு அதே மாதிரி இருக்குன்னு அந்தக் கம்பெனி அவர் மேலயே கேஸ் போட்டுச்சு. கிட்டாரோட சாட்சிக் கூண்டு ஏறி, என் பாணியே இதுதான்யான்னு வாசிச்சுக் காட்டினாரு. ஜூரி அவர் பக்கம்தான் சொல்லுச்சு. வக்கீல் ஃபீஸ் சண்டை மட்டும் 1994ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

தேனி_ட்ராக்ஸ்
நமக்கு ஏதுண்ணே கோர்ட்டு. என் கீபோர்டுல ரெண்டு கட்டை வேலை செய்யல, தூக்கிட்டுப் போய் எதை வாசிச்சுக் காட்ட? ரெண்டு பேருமே காசைத் திருப்பிக் கேக்கல. அடுத்த தேர்தலுக்கு இப்பவே போன் பண்றாங்க, ரெண்டு பேருக்கும் அதே மெட்டுதான் வேணுமாம்.