ஏர் ஃபிரையரில் பட்டர்நட் பூசணி: ஓரம் கருகுகிறது, உள்ளே குழைகிறது

டொராண்டோவில் இலையுதிர் காலம் வந்தால் கடையெங்கும் பட்டர்நட் பூசணிதான். மலிவாயிற்றே என்று 2 கிலோ காய் ஒன்றைத் தூக்கி வந்துவிட்டேன். தோல் சீவுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. வெட்டிய இடத்தில் கசிந்த பால் விரலில் காய்ந்து, பசை தடவியதுபோல் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், சோம்புத்தூள் போட்டுப் பிசிறி, 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். மேலே இருந்தவை ஓரம் கருகின. அடியில் கிடந்தவை அவித்த பூசணியாகக் குழைந்துவிட்டன. மிளகாய் நெடியில் வீடே இருமியது. கூடையை அடைத்து நிரப்பியது என் பேராசைதான், ஒப்புக்கொள்கிறேன். சூடான காற்று நுழைய இடமில்லாவிட்டால் துண்டுகள் ஆவியில்தானே வேகும்?

செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். ஒரே அடுக்காகப் பரப்பினால் எத்தனை நிமிடம் போதும்? நடுவில் எப்போது குலுக்கிவிட வேண்டும்? உப்பை முதலிலேயே போட்டதால்தான் தண்ணீர் விட்டதா? மிளகாய்த்தூளைக் கடைசியில் தூவலாமா? தோலோடு போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் என் கை பிழைக்கும்.

மீதிப் பாதி ஃபிரிட்ஜில் கிடக்கிறது. இன்னொரு முறை சாம்பாரில் போட்டால் மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான்.